"பிஎஃப் பிடிக்க வேணாம்ணே!": 14,000 ரூபாய் சம்பளத்துல இந்த ஒரு வார்த்தையோட விலை என்ன?



உங்க சம்பளம் 40,000 ரூபாயா இருக்கலாம், 60,000 ரூபாயா இருக்கலாம். ஆனா உங்க வீட்டுலயோ, பக்கத்து வீட்டுலயோ, ஊர்லயோ ஒரு தம்பியோ தங்கச்சியோ இந்த வருஷம் 14,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்திருப்பாங்க. கப்பலூர் சிட்கோவுல ஒரு பட்டறை, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடை, பைபாஸ் ரோட்டுல ஒரு ஷோரூம், எங்கே வேணா இருக்கலாம். சேர்ற அன்னிக்கு முதலாளிகிட்ட அவங்க சொல்ற முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் வேணாம்ணே. கையிலயே முழுசா குடுத்துருங்க."

முதலாளிக்கும் அது சந்தோஷம். "சரி தம்பி, உன் இஷ்டம்"னு விட்டுடுவார்.

இந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு விலைன்னு இன்னிக்கு நோட்டுல போட்டுப் பார்க்கலாம். அதோட, நம்ம வீடியோக்களுக்குக் கீழ அடிக்கடி வர்ற ஒரு கேள்வியையும் சேர்த்துப் பார்க்கலாம்: "அரசாங்கம் ஏழைங்களுக்கு உதவி செஞ்சா பொருளாதாரம் எப்படி வளரும்? அந்தக் காசை வேலைவாய்ப்புக்குப் போடலாமே?" இந்த ரெண்டுக்கும் ஒரே சம்பளச் சீட்டுல பதில் இருக்கு.

முதல்ல, பிடித்தம் எவ்வளவு?

14,000 ரூபாயும் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படின்னு எடுத்துக்குவோம்.

தொழிலாளியிடம் மாதம் பிடிப்பது:
- பிஎஃப் 12% = ரூ.1,680
- இஎஸ்ஐ 0.75% = ரூ.105
- மொத்தம் ரூ.1,785. கையில் வருவது ரூ.12,215.

முதலாளி தன் பையிலிருந்து போடுவது:
- பிஎஃப் 12% = ரூ.1,680. இதில் 8.33%, அதாவது ரூ.1,166 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். மீதி ரூ.514 பிஎஃப் கணக்குக்கு வரும்.
- இஎஸ்ஐ 3.25% = ரூ.455
- பிஎஃப்போடு சேர்ந்த ஆயுள் காப்பீட்டுக்கு 0.5% = ரூ.70
- நிர்வாகக் கட்டணம் 0.5% = ரூ.70
- மொத்தம் ரூ.2,275.

இது போக, மத்திய அரசு ஓய்வூதியத் திட்டத்துக்கு 1.16% போடுது. இந்தச் சம்பளத்துக்கு அது மாதம் ரூ.162. பல பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது, ஏன்னா சம்பளச் சீட்டுல அது வராது.

1,785 ரூபாய் சின்னத் தொகை இல்லைங்க. 14,000 ரூபாய் வாங்குற வீட்டுல அது கேஸ் சிலிண்டரும் கரண்ட் பில்லும் பஸ் செலவும் சேர்ந்த காசு. அதனால "பிடிக்க வேணாம்"னு சொல்ற தம்பியை விவரம் தெரியாதவன்னு நினைக்காதீங்க. அவன் இந்த மாசத்தைப் பார்க்கிறான். நாம பன்னிரண்டு மாசத்தைப் பார்ப்போம்.

2025 ஆகஸ்ட்ல மாறினது என்ன?

2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை வேலைவாய்ப்போடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இப்போ அதன் பெயர் பிரதம மந்திரி விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா. ஒதுக்கீடு ரூ.99,446 கோடி. இலக்கு ரெண்டு வருஷத்துல 3.5 கோடி வேலைகள், அதில் 1.92 கோடிப் பேர் முதல்முறையா வேலைக்கு வர்றவங்க. வகுத்துப் பார்த்தா ஒரு வேலைக்குச் சராசரியா 28,400 ரூபாய். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கு இது பொருந்தும்.

இதுல ரெண்டு பகுதி இருக்கு.

*பகுதி அ: தொழிலாளிக்கு.* முதல்முறையா பிஎஃப்ல சேர்றவருக்கு, மாதச் சம்பளம் ஒரு லட்சம் வரை இருந்தா, ஒரு மாத பிஎஃப் சம்பளத்துக்குச் சமமான தொகை கிடைக்கும். உச்சவரம்பு ரூ.15,000. ரெண்டு தவணை. முதல் தவணை 6 மாதப் பணி முடிந்ததும் வரும். ரெண்டாவது, 12 மாதம் முடிந்து, நிதி அறிவு பற்றிய ஒரு சிறு பயிற்சியையும் முடித்த பிறகு. இந்தத் தொகையில் ஒரு பகுதி குறிப்பிட்ட காலம் எடுக்க முடியாதபடி சேமிப்பாக வைக்கப்படும்.

*பகுதி ஆ: முதலாளிக்கு.* கூடுதலா ஆள் எடுத்து, அவரை 6 மாதமாவது வேலையில் வைத்திருந்தால் ஊக்கத்தொகை. பிஎஃப் கணக்கிடும் சம்பளம் ரூ.10,000 வரை என்றால் விகிதாசாரப்படி மாதம் அதிகபட்சம் ரூ.1,000. ரூ.10,000-க்கு மேல் ரூ.20,000 வரை என்றால் ரூ.2,000. அதற்கு மேல் ரூ.3,000. ரெண்டு வருஷத்துக்கு இது கிடைக்கும். உற்பத்தித் தொழிலா இருந்தா நாலு வருஷம். 50 பேருக்குக் குறைவான நிறுவனம் குறைந்தது 2 பேரைக் கூடுதலா எடுக்கணும். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தா 5 பேர்.

இப்போ நோட்டுல போடுவோம்

நம்ம 14,000 ரூபாய் தம்பி முதல்முறையா வேலைக்கு வர்றான், பட்டறையில 30 பேர் இருக்காங்க, முதலாளி புதுசா ரெண்டு பேரை எடுக்கிறார்னு வைங்க.

தம்பியின் ஒரு வருஷக் கணக்கு:
- அவன் சம்பளத்திலிருந்து போனது: 1,785 × 12 = ரூ.21,420
- அவன் பிஎஃப் கணக்கில் சேர்ந்தது: சொந்தப் பணம் ரூ.20,160, முதலாளி பங்கு ரூ.6,168. ஆக ரூ.26,328. வட்டி தனி (2024-25-க்கு 8.25%).
- ஊக்கத்தொகை: ரூ.14,000
- கூட்டினால் ரூ.40,328.

21,420 போட்டு 40,328 வருது. ஓய்வூதியத் திட்டத்துக்குப் போன ரூ.13,992-ஐ நான் இதுல சேர்க்கவே இல்லை. மொத்தம் பத்து வருஷ சர்வீஸ் வந்தா அது மாத ஓய்வூதியமா மாறும்.

முதலாளியின் கணக்கு இன்னும் சுவாரஸ்யம்:
- மாதச் செலவு: ரூ.2,275
- அரசு தருவது: ரூ.2,000
- நிகரச் செலவு: ரூ.275.

ஒரு தொழிலாளியை முறையா ரெஜிஸ்டர்ல ஏத்துறதுக்கு ஆகிற கூடுதல் செலவு மாசம் 275 ரூபாய்தான். "பிஎஃப் கட்டினா கட்டுப்படி ஆகாது சார்"னு சொல்ற முதலாளிகிட்ட இந்த ஒரு வரியைக் காட்டலாம். ஒண்ணை மட்டும் மறக்காம சொல்லுங்க: இந்த ரூ.2,000 மாசாமாசம் முன்கூட்டியே வராது. ஆள் 6 மாதம் நீடித்த பிறகுதான் கணக்கு பார்த்து வரும். அதுவரைக்கும் கைக்காசுல ஓட்டணும்.

அடிப்படையைக் குறைச்சுக் காட்டினா லாபமா?

சில இடங்கள்ல பிஎஃப் பிடிப்பாங்க, ஆனா 14,000-ல 7,000-ஐ மட்டும் அடிப்படைச் சம்பளமாக் காட்டுவாங்க. மீதி "அலவன்ஸ்". பிடித்தம் பாதியாகும்ங்கிறது கணக்கு. இந்தத் திட்டக் காலத்துல அந்தக் கணக்கு முதலாளிக்கே தப்பாகுது. பாருங்க:

- 7,000-க்கு பிஎஃப் 12% ரூ.840, காப்பீடு ரூ.35, நிர்வாகம் ரூ.35. இஎஸ்ஐ முழுச் சம்பளத்துக்கும் பிடிக்கிறதால அது ரூ.455-ஆவே இருக்கும். மொத்தம் ரூ.1,365.
- பிஎஃப் சம்பளம் 10,000-க்குக் கீழே போனதால ஊக்கத்தொகை சுமார் ரூ.700 மட்டும்.
- நிகரச் செலவு ரூ.665.

முழுசா காட்டினா 275, குறைச்சுக் காட்டினா 665! தொழிலாளிக்கும் ஒரு மாத ஊக்கத்தொகை 14,000-லிருந்து 7,000-ஆ இறங்கும். ஊக்கத்தொகை முடிஞ்ச பிறகு முதலாளிக்கு இந்தக் கணக்கு திரும்பும், அதை மறைக்கக் கூடாது. ஆனா 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்ல, அலவன்ஸ் மொத்தச் சம்பளத்துல பாதியைத் தாண்டினா, தாண்டின தொகையையும் சம்பளமாவே எடுத்துக்கணும்னு விதி இருக்கு. அதனால அடிப்படையை ரொம்பக் கீழே இறக்கிக் காட்டுற பழக்கத்துக்கு இனி இடம் குறைவு.

இஎஸ்ஐ: மாசம் 105 ரூபாய்க்கு என்ன வரும்?

நிறையப் பேர் இஎஸ்ஐன்னா தத்தனேரி ஆஸ்பத்திரி வரிசைன்னு மட்டும் நினைக்கிறாங்க. வரிசை இருக்கு, மறுக்கலை. ஆனா இஎஸ்ஐ முக்கியமா ஒரு சம்பளக் காப்பீடு.

- தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை.
- உடம்பு சரியில்லாம வேலைக்குப் போக முடியலைன்னா, வருஷத்துல 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70%. இதுக்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்துல 78 நாளுக்காவது பணம் கட்டியிருக்கணும். நம்ம தம்பிக்கு இது ஒரு நாளைக்குச் சுமார் ரூ.326.
- வேலையில அடிபட்டா, குணமாகும் வரை சம்பளத்துல 90%. இதுக்குக் குறைந்தபட்சப் பங்களிப்பு நாள் எதுவும் தேவையில்லை. சேர்ந்த முதல் நாள் மெஷின்ல கை மாட்டினாலும் உண்டு.
- பெண்களுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு, முழுச் சம்பளத்தோட. இதுக்குப் பங்களிப்பு நாள் நிபந்தனை உண்டு.

டைலரிங் யூனிட்லயும் லேத் பட்டறையிலயும் வேலை பார்க்கிற குடும்பம் கடன்ல விழறது பெரும்பாலும் எப்போன்னு யோசிங்க. சம்பளம் குறைவா இருக்கிற மாசத்துல இல்லைங்க, சம்பளமே வராத மாசத்துல. மீட்டர் வட்டிக்காரர் வீட்டு வாசலுக்கு வர்றது அப்போதான். அந்த மாசத்துக்குத்தான் இந்த 105 ரூபாய்.

இந்தப் பதிவைப் படிக்கிற உங்களுக்கும் இதுல ஒரு விஷயம் இருக்கு. இஎஸ்ஐ வரம்பு மாதம் ரூ.21,000. இன்கிரிமென்ட் வந்து 21,000-ஐத் தாண்டினா, ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச்னு இருக்கிற பங்களிப்புக் காலம் முடியும் வரைக்கும்தான் பிடித்தம் தொடரும். அதுக்கப்புறம் வெளியே வந்துடுவீங்க. 20,500-லிருந்து 22,000-க்குப் போனவர், "சம்பளம் கூடிடுச்சு"ன்னு ட்ரீட் வைப்பார். அதே சமயம் அப்பா அம்மாவுக்கு இருந்த மருத்துவக் காப்பீடு போயிருக்கும். அந்த இன்கிரிமென்ட் காசுல முதல் செலவு ஹெல்த் இன்சூரன்ஸா இருக்கட்டும்.

சரி, உதவியா, வளர்ச்சியா?

இப்போ அந்தப் பெரிய கேள்விக்கு வருவோம். இந்தச் சம்பளச் சீட்டுல உதவியும் வேலைவாய்ப்பும் தனித்தனியா இல்லைங்கிறதைக் கவனிச்சீங்களா? வேலை இருந்தாத்தான் உதவி வரும். உதவி இருக்கிறதால ஆள் எடுக்கிற செலவு குறையும்.

இது புது யோசனை இல்லை. 2016-ல ஒரு திட்டம், புது ஆட்களுக்கு முதலாளியின் ஓய்வூதியப் பங்கான 8.33%-ஐ அரசே கட்டியது. கொரோனா சமயத்துல, 2020 அக்டோபர்ல தொடங்கின ஆத்மநிர்பர் பாரத் ரோஜ்கார் யோஜனாவுல, 15,000-க்குக் குறைவான சம்பளக்காரர்களுக்கு, 1,000 பேர் வரை உள்ள நிறுவனங்கள்ல ரெண்டு பேர் பங்கையும், அதாவது 24%-ஐ, ரெண்டு வருஷம் அரசே கட்டியது. வெளிநாட்டுலயும் உண்டு. அமெரிக்காவுல 1975 முதல் குறைந்த சம்பளத் தொழிலாளிக்கு வருமான வரி வழியா பணம் திரும்பத் தர்றாங்க. நம்ம ஊர்க்காரங்க நிறையப் பேர் இருக்கிற சிங்கப்பூர்ல 2007-ல வந்த வொர்க்ஃபேர் திட்டம், குறைந்த சம்பளம் வாங்கும் குடிமக்களுக்கு ஒரு பகுதியைக் கையிலயும், பெரும்பகுதியை அங்கத்திய சேமநிதிக் கணக்குலயும் போடுது.

தமிழ்நாட்டுல இன்னொரு வழி இருக்கு. வேலைக்குப் போறதுக்கு ஆகிற செலவைக் குறைக்கிற வழி. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துல பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்கினது நம்ம மதுரையில, சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில. பிள்ளைக்கு ஸ்கூல்ல காலைச் சாப்பாடு, பஸ்ஸுக்குக் காசு இல்லைன்னா, காலை எட்டு மணி ஷிஃப்ட்டுக்கு ஒரு அம்மா கிளம்ப முடியும். 10,000 ரூபாய் சம்பளத்துல 1,000 ரூபாய் பஸ்ஸுக்கே போனா, அந்த வேலையே வேணாம்னுதான் தோணும். இதையெல்லாம் வெறும் இலவசம்னு ஒதுக்கிடாம, வேலைக்குப் போற வழிச் செலவுன்னும் பாருங்க.

எதிர்வாதமும் நியாயமானது. எப்படியும் ஆள் எடுத்திருக்கப் போற கம்பெனிக்கும் இந்த ஊக்கத்தொகை போகும். அது நம்ம வரிப்பணம். ரெண்டு பேர், அஞ்சு பேர்னு "கூடுதல்" நிபந்தனை வெச்சிருக்கிறது அதைக் குறைக்கத்தான், முழுசா தடுக்க முடியாது. இன்னொண்ணு, மானியத்தை நம்பி மட்டும் எந்த முதலாளியும் ஆள் எடுக்க மாட்டார். எங்க கோச்சடையில மேலக்கால் ரோட்டுல ஜே.கே. ஃபென்னர் இருக்கு, அப்படிப்பட்ட பெரிய ஆலையா இருந்தாலும் சரி, பத்துக்குப் பத்து லேத் பட்டறையா இருந்தாலும் சரி, ஆர்டர் வந்தாத்தான் ஆள். ஆர்டர் இருக்கு, ஆனா ஒரு ஆளை நிரந்தரமா எடுக்கத் தயக்கம்னு நிக்கிற முதலாளியைத்தான் மாசம் 2,000 ரூபாய் நகர்த்தும். 2027-க்கு அப்புறம் அந்த வேலை நிக்குமாங்கிறதை ஆர்டரும் அந்த ஆள் கத்துக்கிட்ட திறமையும்தான் முடிவு பண்ணும்.

பட்டியலுக்கு வெளியே இருக்கிறவங்க

இதுவரை சொன்னதெல்லாம் ரெஜிஸ்டர்ல பேர் இருக்கிறவங்களுக்கு. பிஎஃப் கட்டாயமாவது 20 பேர் இருக்கும் இடத்துல, இஎஸ்ஐ 10 பேர் இருக்கும் இடத்துல. உங்க வீட்டுல பாத்திரம் கழுவுற அக்கா, அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணன், தெருமுனை இட்லிக் கடை அம்மா இதுல வர மாட்டாங்க. அவங்களுக்கு:

- இ-ஷ்ரம் பதிவு. 2021 ஆகஸ்ட்ல தொடங்கினது. ஆதார், மொபைல் போதும், கட்டணம் இல்லை.
- வருஷம் 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய் ஆயுள் காப்பீடு. ரெண்டும் தலா 2 லட்சம். வங்கிக் கணக்கு இருந்தா போதும்.
- ஷ்ரம் யோகி மான்தன் ஓய்வூதியம். வயசு 18-40, மாத வருமானம் 15,000-க்குள். 29 வயசுல சேர்ந்தா மாசம் ரூ.100, அதே அளவு அரசும் போடும். 60 வயசுக்கு மேல மாசம் ரூ.3,000.
- தமிழ்நாடு அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்கள். பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து மரணம் இதுக்கெல்லாம் உதவித்தொகை உண்டு. பதிவைப் புதுப்பிக்கத் தவறக் கூடாது.
- முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்குள் இருந்தால்.

வேலைக்குச் சேர்ந்தவர் செய்ய வேண்டியது

1. யுஏஎன் எண்ணை நீங்களே உருவாக்குங்க. உமாங் ஆப்ல முக அடையாளம் காட்டி எடுக்கலாம். ஏற்கெனவே ஒரு எண் இருந்தா இன்னொண்ணு வாங்காதீங்க.
2. பெயர், பிறந்த தேதி ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கணும். இனிஷியல் முன்னாடியா பின்னாடியாங்கிற குழப்பம் நம்ம ஊர்ல ஜாஸ்தி. பின்னாடி பணம் எடுக்கும்போது அதுதான் முட்டுக்கட்டை.
3. வங்கிக் கணக்கோட ஆதார் இணைஞ்சிருக்கணும். ஊக்கத்தொகை ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் நேரடியா வரும்.
4. மாசாமாசம் பாஸ்புக் பாருங்க. முதலாளி அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள்ள பணம் கட்டி விவரம் தாக்கல் பண்ணணும். சம்பளத்துல பிடிச்சிருந்து பாஸ்புக்ல வரலைன்னா, ஊக்கத்தொகை உங்க கணக்குக்கு வராது.
5. நாமினி பதிவு பண்ணுங்க. பிஎஃப்போட சேர்ந்த ஆயுள் காப்பீடு அதிகபட்சம் 7 லட்சம். நாமினி இல்லைன்னா குடும்பம் அலையணும்.
6. இஎஸ்ஐ அட்டையில் அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள் பெயரைச் சேருங்க.
7. சிக்கல்னா புகார் பண்ணுங்க. பிஎஃப் இணையப் புகார் தளம் இருக்கு. மதுரை மண்டல அலுவலகம் சொக்கிகுளத்துல லேடி டோக் கல்லூரி சாலையில இருக்கு. ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டங்கள்ல குறைதீர் முகாமும் நடத்துறாங்க.

இந்த ஞாயித்துக்கிழமை உங்க தம்பி, தங்கச்சி, மச்சான் யாராவது புதுசா வேலைக்குச் சேர்ந்திருந்தா, பக்கத்துல உட்கார வெச்சு மூணு கேள்வி கேளுங்க: யுஏஎன் இருக்கா? பாஸ்புக்ல போன மாசப் பணம் ஏறியிருக்கா? பிஎஃப் எந்தத் தொகைக்குப் பிடிக்கிறாங்க? பத்து நிமிஷ வேலை. முதலாளி தயங்கினா, அந்த 275 ரூபாய் கணக்கை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்து அனுப்புங்க.

அடுத்த பதிவுல, வேலை மாறும்போது பிஎஃப் பணத்தை எடுக்கிறதா, மாத்துறதாங்கிறதை இதே மாதிரி நோட்டுல போட்டுப் பார்ப்போம்.